புழு அறைக்குப் போன என் காது

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது, எங்கள் வீட்டிலேயே மதிப்பு மிகுந்த பொருளாக என் வலது காது சில நாட்கள் இருந்தது. அதற்கு முன்னால் அதற்கு இருந்த மரியாதை வேறு. பள்ளிக்கூடத்தில் என் வலது பக்கம் யாரும் உட்கார மாட்டார்கள். அவ்வளவு நாற்றம். வாத்தியார் பார்த்துப் பார்த்து, என் வலது பக்கம் சுவர் வரும்படி ஓர் இடம் பிடித்து உட்கார வைத்துவிட்டார். சுவருக்கு மூக்கில்லை என்பதால் அது ஒன்றும் புகார் சொல்லவில்லை.

சளி பிடித்தால் காதில் சீழ் வடியும். சளி போன பிறகும் வடியும். எங்கள் ஊர் பாகலூருக்கும் பேரிகைக்கும் நடுவில் இருந்தது. டாக்டரைப் பார்க்க ஒசூருக்குப் போக வேண்டும், ஒரு நாள் வேலை கெட்டுப்போகும். ஆனால் மருந்து சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. எங்கள் தெருவில் மூன்று பாஷை பேசுவார்கள், மூன்று பாஷையிலும் காதுக்கு மருந்து வந்தது. அம்மா துளசியைக் கசக்கிப் பிழிவாள். பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மாள் தும்பைச் சாறு கொண்டுவருவாள். எதிர்வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், பழுத்த எருக்கிலையில் நெய் தடவி அனலில் வாட்டிப் பிழியச் சொல்வார்கள். அப்பாவுக்குப் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயில்தான் நம்பிக்கை. ஒன்றை ஊற்றி அது கேட்கிறதா என்று பார்ப்பதற்குள் அடுத்தது தயாராகிவிடும். நான் இடது பக்கமாகச் சாய்ந்து அம்மாவின் மடியில் படுத்திருப்பேன். என் காதை ஒரு சின்னக் கிண்ணமாகவே எல்லோரும் நினைத்துவிட்டார்கள்.

அம்மாவின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் எங்கள் வீட்டிலேயே நடமாடிக்கொண்டிருந்தது. அப்பாவின் அக்கா, என் அத்தை. அவளுக்கு வலது காது கேட்காது. அவளுக்கும் சின்ன வயதில் என்னைப் போலவே வடிந்ததாம், இதே தழைச்சாறுகளை ஊற்றினார்களாம். கொஞ்ச காலத்தில் வடிவது நின்றது, கேட்பதும் நின்றது. அதை வெளியே சொல்லாமல் சூளகிரிப் பக்கம் ஓர் இடத்தில் கட்டிக் கொடுத்தார்கள். அங்கே மாமியார் வலது பக்கம் நின்று கூப்பிட்டால் அத்தை திரும்ப மாட்டாள். கூப்பிட்டால் ஏனென்று கேட்காத மருமகள் என்று பேராகிவிட்டது. திமிர் பிடித்தவள் என்று சொல்லி ஒரு நாள் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். காது கேட்காது என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் மறைத்துக் கட்டிக் கொடுத்தவர்கள் எந்த வாயால் சொல்வார்கள்? செவிட்டுப் பெண் என்பதைவிடத் திமிர் பிடித்த பெண் என்பது அந்தக் காலத்தில் சற்றுக் கௌரவமாகவும் இருந்திருக்கும்.

திரும்பி வந்த அத்தை எங்கள் புழு அறையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். மைசூர் ராஜ்ஜியத்தின் எல்லையில் இருந்ததால் எங்கள் பக்கத்திலும் பலபேர் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்த்தார்கள். எங்கள் மல்பெரித் தோட்டம் இருந்த இடத்தில் இன்று ஒரு கம்பெனியின் காம்பவுண்டுச் சுவர் ஓடுகிறது. புழு அறை என்பது வீட்டை ஒட்டினாற்போல் ஒரு நீள அறை. உள்ளே அடுக்கடுக்காக மூங்கில் தட்டுகள், மூலையில் கரி போட்ட கணப்புச் சட்டி. கால் கழுவாமல் நுழையக் கூடாது. பூண்டு, வெங்காயம், பீடி, தலைக்கு வைத்த வாசனை எண்ணெய் எதுவும் கிட்டே வரக் கூடாது. அப்பாவே வாசலில் நின்று அனுமதி கேட்டுத்தான் போவார். தன் மாமியாரிடம் அத்தை காட்டாத திமிர் முழுவதையும் அந்த அறையில் காட்டினாள் என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வருஷம் தசரா விடுமுறைக்கு மாமா வந்தார். அம்மாவின் தம்பி. பெங்களூரில் சயின்ஸ் காலேஜில் படித்துக்கொண்டிருந்தார். வேட்டிகளுக்கு நடுவே சுற்றி மூட்டையாக ஏதோ கொண்டுவந்திருந்தார். எனக்கு மிட்டாய் என்று நினைத்து அவிழ்த்தேன். உள்ளே வட்டவட்டமாகக் கண்ணாடித் தட்டுகள், ஒவ்வொன்றுக்கும் கண்ணாடியிலேயே மூடி. காலேஜில் கெஞ்சி வாங்கி வந்தவை. மாமாவின் புரொபசர் நாட்டுத் தழைகளில் எது கிருமியைக் கொல்கிறது என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாராம். ஊரிலிருந்து உருப்படியாக ஏதாவது செய்து கொண்டுவந்தால் படிப்பு முடிந்ததும் தன்னிடமே சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். மாமா பஸ்ஸில் வரும்போதே என் காதை மனதில் வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

அவருடைய திட்டம் எளிமையானது. கிருமிக்குப் பிடித்த உணவைத் தட்டில் உறைய வைத்து, அதன்மேல் என் காதுச் சீழைத் தடவ வேண்டும். தழைச்சாறு ஒவ்வொன்றிலும் ஒரு காகித வட்டத்தை நனைத்துத் தட்டுக்கு ஒன்றாக வைக்க வேண்டும். கதகதப்பில் வைத்திருந்தால் கிருமி தட்டு முழுக்கப் படரும். எந்தச் சாறு அதைக் கொல்கிறதோ அந்தக் காகிதத்தைச் சுற்றி மட்டும் ஒன்றும் வளராமல் வெற்று வட்டம் நிற்கும். துளசியா, தும்பையா, எருக்கா என்ற சண்டை அத்தோடு தீர்ந்துவிடும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. அதுவரை என் காதில் யாரும் எதையும் ஊற்றக் கூடாது.

“ஊத்துறதெல்லாம் சீழோட கலந்துடும்க்கா. அப்புறம் எந்தத் தழை என்னா பண்ணுதுன்னு எப்டி கண்டுபுடிக்கிறது?” என்றார்.

அம்மாவுக்கு அது சரிப்படவில்லை. அத்தை அப்போது கூடத்தில் இலைக் கூடையைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது பக்கம் எங்களைப் பார்த்து இருக்கிறதா என்று அம்மா ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு.

“ஊத்தாம வுட்டு நாளைக்கி இவளும் அண்ணியாட்டம் ஆயிட்டா? உன் காலேஜா வந்து பதில் சொல்லும்?”

அப்பாதான் வழக்கைத் தீர்த்தார். “லீவு முடியற மட்டும் பொறுங்க. அப்புறம் ஊத்திக்கலாம். தழை எங்க ஓடிப்போவுது?”

பரணில் கிடந்த இட்லிப் பானை கீழே இறங்கியது. அது தீபாவளிக்கு மட்டும் இறங்குகிற பானை. களி தின்று அலுத்த எனக்கு வாயில் எச்சில் ஊறிவிட்டது. மாமா அதில் இட்லி வைக்கவில்லை, கண்ணாடித் தட்டுகளை வைத்து ஆவியில் அவித்தார். ஆட்டெலும்பை வாங்கிவந்து அம்மாவைச் சாறு காய்ச்சச் சொன்னார். அம்மா கைப்பழக்கத்தில் மிளகைத் தட்டிப் போட்டுவிட்டாள். மாமா தலையில் அடித்துக்கொண்டார். அந்தச் சாற்றை நாங்கள் குடித்தோம், மறுபடி வெறும் எலும்பைப் போட்டுக் காய்ச்சினார்கள். அதில் பெங்களூரிலிருந்து வாங்கி வந்த கடல்பாசியைக் கரைத்துத் தட்டுகளில் ஊற்றியதும் ஆறி உறைந்துவிட்டது. எனக்கு மனது தாங்கவில்லை. கறி என்பது நாங்கள் பண்டிகைக்குப் பார்க்கிற பொருள். என் காதில் குடியிருந்த கிருமிக்கு வேலை நாளில் ஆட்டுச்சாறு கிடைத்தது.

காலையிலும் மாலையிலும் மாமா என்னை வெளிச்சத்தில் உட்கார வைப்பார். சீவிய மூங்கில் குச்சியில் கொதிக்க வைத்து உலர்த்திய பஞ்சைத் தளர்வாகச் சுற்றி, காதுக்குள் மெதுவாக ஒற்றி எடுப்பார். பழைய சீழ் இருந்தால் ஆராய்ச்சிக்கு ஆகாதாம், புதிதாக ஊறுவதுதான் வேண்டுமாம். அதனால் பஞ்சு வெள்ளையாக வரும்வரை ஒற்றி ஒற்றி எடுத்துவிடுவார். தலைக்குக் குளிக்கத் தடை. கிணற்றில் குதிக்கத் தடை. காதில் தண்ணீர் பட்டால் கிருமி தண்ணீர் குடித்துக் கெட்டுவிடும் என்று எனக்கு நானே ஒரு விளக்கம் வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் யாரும் ஏறிட்டுப் பார்க்காத காதை, பெங்களூர்க் காலேஜ் படிப்பவர் இரண்டு வேளையும் பார்த்துப் பார்த்துத் துடைத்தார். அந்த நாட்களில் எனக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை.

கதகதப்புக்கு எங்கே போவது என்பதில்தான் சிக்கல் வந்தது. வெளியே விடாத ஐப்பசி மழை. எங்கள் பக்கத்துக் குளிரில் அடுப்படிகூட அடுப்பு எரியும்போது மட்டும்தான் சூடு. ராப்பகலாக ஒரே சூடு இருக்கிற இடம் ஊரிலேயே ஒன்றுதான். மாமா கால் கழுவிக்கொண்டு, அத்தையின் இடது பக்கம் வந்து நின்று பணிவாகக் கேட்டார்.

“கிருமிய கொண்டாந்து புழு அறையில வெப்பியா? எம் புழுவுக்கு ஒட்டிக்கிச்சின்னா?” என்றாள் அத்தை.

“மூடியத் தொறந்தாத்தானே அண்ணி? அது மனுசங் காதுல இருக்கறது. தூரமா, மூலையில வெச்சிக்கிறேன்.”

அத்தை என்னைப் பார்த்தாள். என் காதைப் பார்த்தாள். பிறகு கதவோரம் மேல்பலகையைக் காட்டினாள். பூண்டுத் தட்டை மட்டும் மோந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆகவே அப்பாவின் மருந்து போட்டியில் கலந்துகொள்ளாமலே வெளியேறியது. அப்பா அன்று சாப்பாட்டு நேரத்தில் யாரோடும் பேசவில்லை.

தட்டுகள் உள்ளே போன மறுநாள் காலை, மாமா என்னையும் கூட்டிக்கொண்டு வெற்று வட்டம் பார்க்கப் போனார். பலகையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். மூடிகள் எல்லாம் கழற்றி வரிசையாக ஒரு வெள்ளைத் துணியின்மேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. துடைத்துப் பளபளவென்று இருந்தன. தட்டுகள் திறந்து கிடந்தன.

அத்தை சிரித்த முகத்தோடு வந்தாள். ராத்திரி பார்த்தபோது மூடியில் எல்லாம் முத்து முத்தாக வேர்த்திருந்ததாம். புழுத் தட்டில் வேர்வை கட்டினால் விடிவதற்குள் நோய் விழுந்துவிடும். புழுவின்மேல் மூடிய காகிதத்தை எடுத்து, துடைத்து, காற்றாட விட வேண்டும். அதற்காகத்தான் அவள் தூங்காமல் எழுந்து எழுந்து பார்ப்பாள். மாமாவின் தட்டுகளையும் அப்படியே பார்த்திருக்கிறாள்.

“வேர்த்துக் கெடந்துச்சி தம்பி. சலவத் துணிதான், அழுக்கு இல்ல. தொடச்சி ஆற வெச்சேன். இல்லன்னா உன்னுது எல்லாம் செத்துப்போயிருக்கும்.”

கிருமியைச் சாகடிப்பதற்காகத்தான் இத்தனை பாடு என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த அறைக்குள் வந்த எதையும் சாகவிட்டு அவளுக்குப் பழக்கமில்லை. மாமா ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரிங்க அண்ணி” என்று மட்டும் சொன்னார். இரண்டு நாளில் தட்டுகளில் ஊரில் உள்ள பூஞ்சணம் எல்லாம் முளைத்தது. பச்சை, கறுப்பு, ஊறுகாய் ஜாடியில் வருகிற வெள்ளை. துளசியும் தும்பையும் எருக்கும் எந்தக் காகிதம் எது என்றே தெரியாமல் போயிற்று. மாமா ஒரு பகல் முழுக்கக் கயிற்றுக் கட்டிலில் முகட்டைப் பார்த்துப் படுத்திருந்தார்.

மறுநாள் தேற்றிக்கொண்டு எழுந்தார். அடுத்த சில நாட்கள் தட்டுகளைச் சுரண்டிக் கழுவுவதிலும், மறுபடி எலும்பு கிடைக்கக் காத்திருப்பதிலும் போயின. காதைத் துடைப்பது மட்டும் தவறாமல் இரண்டு வேளையும் நடந்தது. மறுபடியும் எலும்பு, மறுபடியும் இட்லிப் பானை. புதுத் தட்டுகள் தயாரான அன்று என்னை வெளிச்சத்தில் உட்கார வைத்து, பஞ்சைச் சுற்றி, காதுக்குள் ஒற்றி எடுத்தார். பஞ்சு வெள்ளையாக வந்தது. மாலையில் பார்க்கலாம் என்றார். மாலையிலும் வெள்ளை. அதற்கடுத்த நாளும் அப்படியே.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வேண்டாத நாளில் எல்லாம் பாவாடை தலையணை என்று வடிந்த காது, வேண்டுகிற நேரத்தில் காலை வாரிவிட்டது. வலது பக்கமாகவே சாய்ந்து படுத்துப் பார்த்தேன். தலையைக் குலுக்கிப் பார்த்தேன். ஒரு சொட்டு வரவில்லை. மாமாவிடம் போய் நாளைக்குக் கட்டாயம் வரும் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் என் தலையைத் தடவினார். ஆனால் முகம் வாடித்தான் இருந்தது. புரொபசரிடம் காட்ட அவர் கையில் ஒன்றும் இல்லை.

வீட்டில் மற்றவர்களுக்குக் கொண்டாட்டம். அம்மா என் காதை முகர்ந்து பார்த்தாள். நாற்றம் இல்லை. பழம் முகர்வதுபோல் திரும்பத் திரும்ப முகர்ந்தாள், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சண்டையும் புதிதாகத் தொடங்கியது. முன்னால் ஊற்றிய துளசி இப்போதுதான் வேலை செய்திருக்கிறது என்று அம்மா சொன்னாள். கன்னடத்து அம்மாள் வேலியருகே நின்று, “நானு ஆகலே ஹேளிதே” என்று, தான் அப்போதே தும்பையைச் சொன்னதை ஊருக்கே நினைவுபடுத்தினாள். எருக்கிலைக்காரர்களும் விடவில்லை. அப்பா மட்டும், நிதானமாக வேலை செய்வது பூண்டின் குணம் என்றார்.

அத்தை எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அவளுக்கு அப்போது மூச்சுவிட நேரமில்லை. புழுக்கள் கடைசித் தோல் உரித்துப் பெரிதாகிவிட்டிருந்தன, போடப் போட இலை காலியாகிக்கொண்டிருந்தது. மாமா ஊருக்குக் கிளம்புகிற காலையில் என்னைக் கூப்பிட்டுக் கால் கழுவச் சொல்லி உள்ளே இழுத்துப் போனாள். ஒரு தட்டில் புது இலையைப் பரப்பினாள். என் இடது காதைத் தன் உள்ளங்கையால் அழுத்தி மூடி, வலது காதைத் தட்டுக்கு நெருக்கமாகச் சாய்த்துப் பிடித்தாள். அவள் உள்ளங்கையில் இலைச் சாற்றின் வாடை அடித்தது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு சரசரவென்று ஒரு சின்னச் சத்தம் வந்தது, நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.

“திங்குது அத்தை,” என்றேன்.

அவள் என்னை நிமிர்த்தி என் முகத்தையே பார்த்தாள். அவ்வளவு சந்தோஷமான அத்தையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பெட்டியோடு விடைபெற வந்த மாமா வாசலில் நின்றார்.

“தம்பி, நெசத்தச் சொல்லு. எந்தத் தழை கேட்டுச்சி?” என்றாள்.

“எந்தத் தழையும் இல்ல அண்ணி. அதான் நீங்களே பாத்தீங்களே, என்னுது ஒண்ணும் வெளங்கல. இவ காதுல ஒண்ணுமே ஊத்தல. தொடச்சி காய வுட்டோம், அவ்ளோதான்.”

மாமா தன் ஆராய்ச்சி தோற்ற சலிப்பில், சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அத்தையின் முகத்தைப் பார்த்தார். அத்தையின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் அதில் அவள் இல்லை.

“என்னா சொன்ன?” என்று கேட்டாள்.

மாமா பெட்டியைக் கீழே வைத்தார். தரையைப் பார்த்தார். அவர் அவளுடைய வலது பக்கமாக நின்று பேசிவிட்டார், அதுதான் கேட்கவில்லை என்று எனக்குப் பட்டது. படித்தவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நான் ஓடி அவளுடைய இடது பக்கம் போனேன். எம்பி நின்று, வாயைக் கையால் குவித்துச் சொன்னேன். “ஒண்ணுமே ஊத்தலையாம் அத்தை. ஊத்தாம வுட்டதுலயே நல்லாப் போச்சாம்.”

அத்தை அசையவில்லை. தட்டின் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். “பாப்பா, போதும் வா,” என்று மாமா அதட்டினார். என்னை அவர் அதட்டியதே இல்லை. எதற்கு அதட்டுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அத்தைக்கு இன்னும் கேட்கவில்லை போலிருக்கிறது என்று, அவள் கழுத்தைப் பிடித்துக் குனிய வைத்து, முன்னைவிட உரக்க இன்னொரு தடவை சொன்னேன்.